சட்டைக் கை

அல் ஐன், மலையடிவாரத்தில் முகாம்.
நாற்பத்தைந்து நாள் தாங்கினால்தான்
அதிகாரிக் கல்லூரியின் வாசலையே மிதிக்கலாம்.
முந்நூற்றுப் பன்னிரண்டு பையன்கள்.
பெயர்களைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொண்டு
எண்களைக் கொடுத்து உள்ளே அனுப்பினார்கள்.

எனக்கு முகங்கள் தெரியாது.
லாண்டரியில் நானும் குஞ்ஞாலியும்,
ஆறு மெஷின், இரண்டு டிரையர்.
ஒன்பது மணிக்கு வண்டி வரும்.
மூட்டையை அவிழ்த்தால்
அன்றைய பகல் மொத்தமும் தரையில் கொட்டும்.

முதலில் பைகளைக் கவிழ்க்க வேண்டும்.
பை நிறைய மணல் அடைத்து ஓடவிடுகிறார்கள்.
மணலோடு போட்டால் டிரம் போய்விடும்,
டிரம் போனால் சம்பளத்தில் பிடிப்பார்கள்.
ராத்திரிக்கு நாலு வாளி.
பாலைவனத்தைப் பாலைவனத்திலேயே
கொட்டிவிட்டு வருவான் குஞ்ஞாலி.
மணலுக்குள் சிலநேரம் பேரீச்சங்கொட்டை,
கடித்து ஒளித்த ரொட்டித்துண்டு,
ஒருமுறை, முழுசாக, ஒரு கால்விரல் நகம்.

முழங்கால் கிழிசல் என்றால் ஊர்ந்திருக்கிறான்.
முதுகில் எத்தனை உப்புக்கோடோ
அத்தனை முறை நனைந்து காய்ந்திருக்கிறான்.
அழுகை வலது கையில் இருக்கும்,
முழங்கைக்குக் கீழே, மூக்குச்சளியோடு.
முதல் வாரம் எல்லாச் சட்டையிலும்.
214க்கு மட்டும் இடது கையில்.

இங்கே வக்கீல் என்றால் வாதாடுகிறவர் இல்லை,
பயிற்சி கொடுக்கும் பெரிய சார்ஜன்ட்.
அவர் தீர்ப்புக்கு அப்பீல் கிடையாது.
இரண்டரை மணிக்கு விசில்.
நீராவி வெளியேறும் பின்வாசலில் நின்று பார்ப்போம்.
சரளைமேல் வரிசையாக ஊர்கிறார்கள்.
'யார் நீ?'
'யாருமில்லை ஐயா!'
'சத்தம் வரலையே!'
'யாருமில்லை ஐயா!'
பாவம்டா, என்பான் குஞ்ஞாலி.
நான் சொல்ல மாட்டேன்.
எனக்குப் பொறாமை.

ராமநாதபுரம் ஸ்டேடியம், ஆள்சேர்ப்பு.
ஆயிரத்து அறுநூறு மீட்டரை ஓடி முடித்தவன்தான்.
மூச்சை இழுத்துப் பிடித்தும்
டேப்பில் அரை சென்டிமீட்டர் விரியவில்லை மார்பு.
அதில் மார்க்கரால் எழுதிய 1147
மூன்று நாள் குளித்தும் போகவில்லை.
இப்போது தெரியும்,
ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போதும்.

மூன்றாம் வாரம் ஒரு நண்பகல்
தண்டனையாக மூட்டை சுமந்து வந்தான் ஒருவன்.
காது மடல் தோலுரிந்திருந்தது.
நெற்றியில் ஓர் ஈ. விரட்டவில்லை.
நெஞ்சில் 214.
வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டு
உடைந்த இந்தியில் கேட்டான்:
'இன்னைக்கு எத்தனை?'

போனவர்கள் கணக்கை
இருப்பவர்களுக்குச் சொல்வதில்லை.
கட்டில்களை இரவோடிரவாக இடம்மாற்றிவிடுகிறார்கள்.
ஆனால் சட்டைகளை எண்ணுகிறவன் நான்.
போனவன் சட்டையின் எண்பட்டியைப்
பிளேடால் பிரித்தெடுக்கிறவனும் நான்.
நோட்டைத் திருப்பிக் காட்டினேன்: 261.
அவன் உதடு ஓசையில்லாமல் சொல்லிப் பார்த்தது.
இடது கை முகம்நோக்கி உயர்ந்தது,
பாதியில் நின்றது,
இறங்கி விலாவோடு ஒட்டிக்கொண்டது.

அன்று இரவு 214ஐத் தேடி எடுத்தேன்.
பையில் மணல் மட்டும்.
முதுகில் ஏழு கோடு.
முழங்காலில் ரத்தம்;
ரத்தத்துக்குப் பச்சைத்தண்ணீர்தான்,
சுடுநீர் பட்டால் நூலைப் பிடித்துக்கொள்ளும்.
இடது கையை டியூப்லைட்டில் பிடித்தேன்.
உட்புறம் திருப்பியும் பார்த்தேன்.
காய்ந்திருந்தது.

'தேறிருவான்' என்றான் குஞ்ஞாலி.
தேறுவான்.
வெள்ளைச் சீருடை போடுவான்.
அதற்கு வேறு சோப்பு, வேறு மெஷின், வேறு ஆள்.
நாளை நோட்டில்
260 என்று எழுத நேர்ந்தால் தேவலை என்று
ஒரு கணம் நினைத்தேன்.
யாருக்குத் தேவலை என்று யோசிக்கவில்லை.

நாலாம் மெஷினில் போட்டுக் கதவடைத்தேன்.
வட்டக் கண்ணாடிக்குள்
சட்டைகள் கையோடு கை முறுக்கிக்கொண்டு
நுரையில் எழுந்து விழுந்தன.
எது எவன் கை என்று
எனக்கே தெரியவில்லை.